கடை உனக்குத்தான்

எனக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார். மாமனார் சக்கரவர்த்தி என் பேருக்கு எழுதி வைத்த உயிலைக் காட்டி, அவர் இருக்கும்போதே டிபன் கடை லைசென்ஸை என் பேருக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. ஒன்பது வருஷமாக நான்தான் மாவாட்டினேன், நான்தான் தோசை சுட்டேன். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் முடிந்தால் மூன்று நாளைக்குக் கால் வீங்கிக் கிடக்கும்.

என் புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது, ஊரே பார்க்கக் கிழவர் என் தலையில் கை வைத்து, "கடை உனக்குத்தாம்மா" என்றார். கால் விளங்காத மனுஷன். அன்று முதல் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன்.

முதல் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா வேணு உயிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"யாரு, நம்ம பெருசா? உங்களுக்கு அப்புறம் காசியம்மாளுக்கு ஒன்னு எழுதினாரேங்க. கடைசியா எழுதுனதுதான் செல்லும்."

காசியம்மாள் அவருக்குக் கால் பிடித்துவிட வருகிறவள். கூலி வாங்கமாட்டாள். புண்ணியவதி என்று நான் தினமும் நாலு இட்லி கட்டிக் கொடுத்தேன். அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

இரண்டாவது வக்கீல் பேரைக் கேட்டதுமே தலையாட்டினார். "ஆட்டோ சின்னசாமிக்கு நான் ஒன்னு எழுதிக் குடுத்தேம்மா. போன மாசம்." வெள்ளிக்கிழமை தவறாமல் கிழவரைத் தூக்கி உட்காரவைத்துக் கோயிலுக்கு ஓசியில் கூட்டிப்போகிறவன் சின்னசாமி. கோயிலாம், கோயில்!

மூன்றாவது, வேங்கிக்காலில் ஒரு லேடி வக்கீல். "உயிலெல்லாம் ஓரமா வைங்க. சொத்து இன்னும் அவர் பேர்லதான் இருக்கானு மொதல்ல பாக்கலாம்" என்று ரிஜிஸ்டர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்க" என்றார்.

கடை கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் தனத்துக்கு எப்போதோ போய்விட்டது. திரும்ப வாங்க முடியாதபடி செட்டில்மெண்ட். தேதி, காரியம் முடிந்த மூன்றாம் நாள். தனம் தீபாவளிக்குக்கூட அப்பாவை எட்டிப் பார்த்ததில்லை. இல்லாத கடைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் உயில்.

"கேஸ் போடலாமா மேடம்?"

"போடலாம். நிக்காதும்மா."

வீட்டுக்கு வந்தேன். "வந்துட்டியா? வெந்நீர் வைம்மா, உடம்பெல்லாம் கசகசங்குது" என்றார் கிழவர். அடுப்பில் வெந்நீரை ஏற்றிவிட்டு வந்து, வில்லங்கக் காகிதத்தை அவர் மார்மேல் வைத்தேன். படித்தார். முகத்தில் ஒரு வெட்கம் இல்லை.

"பொண்ணுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா, நீ எனக்குச் சோறு போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன் மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. சத்தியமாகப் போட்டிருப்பேன். பாவி மனுஷன் அதை மட்டும் நம்பவில்லை.

சின்னசாமியைக் கூப்பிட்டு அவனிடமும் காகிதத்தைக் காட்டினேன். அவன் முதல் தடவையாக ஆட்டோவுக்கு வாடகை கேட்டான். கொடுத்தேன். தனம் வீட்டில் விடச் சொல்லி, துணிமூட்டையோடும் பீத்தட்டோடும் அவரை ஏற்றினோம். கிழவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"எழிலு, இந்த வீடு இருக்கு. உனக்குத்தான் எழுதறேன்..."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

மத்தியானம் சின்னசாமி திரும்பி வந்தான். "ஆட்டோவைப் பாத்ததும் அந்தம்மா கதவைச் சாத்திக்கிச்சு. வாசல்லயே எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்."

"வெயிலா, நெழலா?"

"வெயிலுதாங்க."

அவருக்கென்று போட்ட வெந்நீர் அப்படியே இருந்தது. அதை எடுத்துப்போய்த் தனத்தின் கடைப் பாத்திரங்களைக் கழுவினேன்.