வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

பக்கத்துப் போர்ஷன் சுகிர்தாவைப் பார்த்துக்கொள்வதில் எனக்கென்ன கஷ்டம் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

தச்சூர் கூட்டுரோட்டில் லாரி இடித்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் போவதும் தெரியாது. அவள் புருஷன் ஸ்டீவன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் நிரந்தரமாக நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டான். விடிந்ததும் வந்து துடைத்துவிட்டு, ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, நடுவில் கொஞ்சம் கண்ணயர்வான். ஆள் பாதியாகிவிட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் பகலிலும் ஓவர்டைம் என்று சொல்லி யூனிபார்மோடு கிளம்புவான். அன்றைக்கு அவள் என் பொறுப்பு.

பொறுப்பு என்று பேர்தான். காலையில் ஸ்டீவன் கட்டிவிட்ட டயப்பர் சாயங்காலம் வரை நனையாது. டீ நீட்டினால் நெஞ்செரிச்சல் என்பாள், மோர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்பாள். என்ன சமர்த்து என்று மெச்சிக்கொண்டேன். புத்தி இருக்கிறவள் யோசித்திருப்பாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. ஸ்டீவன் போனை அணைத்து வைத்திருந்தான். கம்பெனிக்குப் போட்டால், இன்று வார விடுமுறை, உள்ளே யாருமில்லை என்றார் வாட்ச்மேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சாயங்காலம் அவன் ஓடிவந்தபோது சட்டை முதுகெல்லாம் புல். வார்டு என்றும் பாராமல் கத்தினேன். ஆரணி ஆற்றங்கரையில் மரத்தடியில் தூங்கப் போவானாம், வாராவாரம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சிறுநீரில் கிருமி, கிட்னி வரை போய்விட்டது என்றார் டாக்டரம்மா. இந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். அவர் போனபிறகுதான் சுகிர்தா ஸ்டீவனிடம் பேசினாள்.

"வெள்ளிக்கெழமைல உன் கம்பெனி பஸ்சு ஆரன் சத்தமே கேக்காது. லீவுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீ தூங்கணும்னுதான் கேக்கல. வியாழன் ராத்திரிலருந்தே நான் தண்ணி குடிக்கமாட்டேன். துணி நனைஞ்சி அக்கா ஒருநாள் மூஞ்சி சுளிச்சாங்கன்னா, நீ அந்தத் தூக்கத்தையும் உட்டுட்டு ஊட்லயே குந்திக்குவ."

நான் மூஞ்சி சுளித்திருப்பேனா? இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்டீவன் அவள் கட்டில் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்தபிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவன் கிளம்பவில்லை. தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். நீ போனால்தான் குடிப்பேன் என்றாள். எத்தனை தடவை நனைந்தாலும் நான் மாற்றுகிறேன், போய்த் தூங்குடா என்று நானும் அதட்டினேன். கடைசியில் செருப்பை மாட்டினான். அவனைப் பார்த்துக்கொண்டே அவள் டம்ளரைக் காலி செய்தாள்.

மதியம் டயப்பர் மாற்றினேன். குப்பையைப் போடத் தெருமுனைக்குப் போனால், மூடிக்கிடந்த கடைப் படியில் ஸ்டீவன் உட்கார்ந்திருந்தான். தூக்கமில்லாமல் சிவந்த கண்ணால் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். வரவும் இல்லை, போகவும் இல்லை.

திரும்பி வந்ததும் சுகிர்தா கேட்டாள், "இந்நேரம் நல்லா தூங்கிக்கினு இருப்பாரு, இல்லக்கா?"

"ஆமாண்டி, நல்லா தூங்குவான்" என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.