கிண்ணத்தில் போன சாவி

மணி மூன்று பத்து. தாவுசின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைகிறது, இணைகிறது, இணைகிறது என்று காட்டிவிட்டுக் கடைசியில் கையை விரித்தது. மறுபடி அமுக்கினாள்.

அவள் புருஷன் நெபெஸ் இஸ்தான்புல்லில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஐந்து நாள் ஆகிறது. நான்கு மணிக்குள் வலது காலை எடுத்தாக வேண்டுமாம், விஷம் மேலே ஏறுகிறதாம். அவனோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். காலையில் இணைப்பு கிடைத்தபோதுதான் அவனோடு தங்கியிருக்கும் பையன் பேசினான்.

"அண்ணி, 'ஒத்தக் காலோட போனா தாவுசு என்னை வச்சுக்குவாளா'ன்னு கேக்குறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட்டுருவான். ஊசி மயக்கம் தெளிய மூணு ஆகும். அப்ப கூப்புடுங்க."

தபால் ஆபீசில் வெளிநாட்டு அழைப்புக்குப் பேர் கொடுத்துப் பார்த்தாள். நாளைக்கு வா என்றார்கள். அரசாங்கம் இணையத்தைப் பூட்டி வைத்திருக்கும் தெஜென் ஊரில் மிச்சம் இருக்கும் ஒரே வழி, அந்தப் பூட்டைத் திருட்டுத்தனமாகத் தாண்டும் வி.பி.என். அது இல்லாமல் வீடியோ கால் ஆப் எதுவும் வாயே திறக்காது.

சந்தையில் போன் கவர் விற்கும் தோவ்ரானைக் கூப்பிட்டாள். வி.பி.என்.னைத் திறக்கும் சாவி அவன் கொடுத்ததுதான்.

"தம்பி, சாவி வேலை செய்யல."

"எத்தனை போன்ல போட்டிருக்கீங்கக்கா?"

"என்னோடதுல மட்டும்தான்."

"அடடா! இங்க பதினாலு தொங்குது. ரெண்டுக்கு மேல ஏத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? ஒரு கழுதை மேல பதினாலு பேரு ஏறுனா அது எப்படிக்கா நடக்கும்?"

"வேற ஒண்ணு குடு. உன் கால்ல விழுறேன்."

"மத்த சாவி எல்லாத்தையும் நேத்தே அரசாங்கத்துல முடக்கிட்டாங்க. உங்களோடதுதான் கடைசி. நான் வெட்டுனா உங்களதும் சேந்து போயிரும். நீங்களே ஒவ்வொருத்தரா இறக்கிவிடுங்க, ஓடும்."

தப்பு அவளுடையதுதான். போன மாசம் பக்கத்து வீட்டு அக்ஜெமால் ஒரு கிண்ணம் நிறைய, ரொட்டியும் கறியும் பிய்த்துப் போட்ட தோகிராமா கொண்டுவந்து கொடுத்தாள், கறி மணக்க மணக்க. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? வீட்டில் மாவு இல்லை. ஒரு மிட்டாய்கூட இல்லை. கடைசியில் தோவ்ரான் கொடுத்த, கட்டம் கட்டமான க்யூ.ஆர். கோடு அச்சடித்த சாவிச் சீட்டை மடித்துக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டாள்.

செருப்பு போடாமல் ஓடினாள்.

"நான் ஒருத்திக்குத்தாண்டி குடுத்தேன்!" அக்ஜெமால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "டீச்சரம்மா கிண்ணம் நிறைய உலர்ந்த பழம் அனுப்புனா. நான் என்னத்த வச்சுத் திருப்புவேன், சொல்லு?"

டீச்சரம்மாவும் அதையே சொன்னாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். கிண்ணம் போன வழியே தாவுசும் போனாள். "அணைங்கக்கா, என் புருஷன் சாகப் போறான், அணைங்க." பதினொரு போன் அணைந்தது. வட்டம் இன்னும் சுற்றியது. மூன்று நாற்பத்தைந்து.

கிண்ணம் கடைசியாகப் போனது நீலக் கதவு வீட்டுக்கு. தாவுசின் கால் அங்கே நின்றுவிட்டது.

அது ஒராஸின் வீடு. தெருவுக்குப் பொறுப்பாளர். யார் வி.பி.என். போடுகிறார்கள் என்று நோட்டில் எழுதி மேலே கொடுப்பவர். போன வாரம்தான் தெருவில் எல்லாரையும் வி.பி.என். போட மாட்டோம் என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்ய வைத்தார். தாவுசும் தொட்டாள். பேர் மேலே போனால் அவளுடைய பாலர் பள்ளி வேலையும் போகும்.

தட்டினாள்.

"என்னம்மா, இப்படி ஓடியாற?" ஒராஸ் டீ கோப்பையோடு வந்தார். உள்ளே எங்கோ ஒரு துருக்கி சீரியல்காரி ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.

"பெரியப்பா, உங்க வீட்டுல அதை அணைக்கச் சொல்லுங்க."

"எதை?"

"எதைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு மணிக்குள்ள நெபெஸ் என் குரலைக் கேக்கணும். கேக்கலைன்னா கையெழுத்துப் போட மாட்டார், செத்துருவார். என் பேரை எழுதிக்கோங்க. முதல் பேரா எழுதிக்கோங்க. ஆனா அணைச்சுட்டு எழுதுங்க!"

சீரியல்காரி பாதி அழுகையில் நின்றாள்.

ஒராஸ் வீட்டுக்குள் திரும்பி, "மருமகளே, என்ன சத்தம் அங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா!"

ஒராஸ் கோப்பையைக் கீழே வைத்தார். தாவுசுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். கட்டைவிரல் ஒருமுறை அமுங்கியது. "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது. போ."

வட்டம் நின்றது. பச்சை. மூன்று ஐம்பத்திரண்டு.

வெளுத்த முகம் ஒன்று திரையில் ஆடியது. "தாவுசு?"

"போடுய்யா கையெழுத்தை! ரெண்டு காலோட திரும்பி வான்னு நான் எப்பய்யா கேட்டேன்? வான்னுதானே கேட்டேன்? உருண்டு வந்தாலும் வா. இங்க வந்து என்னைத் திட்டு. தாவுசு வச்சுக்குவாளான்னா கேட்ட, மடையா? போடு!"

அவன் வாய் அசைந்தது. படம் அப்படியே உறைந்துபோனது.

"நெபெஸ்? போட்டியா? போட்டியா நீ?" நடுத்தெருவில் நின்று கத்தினாள். வட்டம் மறுபடி சுற்றியது. திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்று, நாங்கள் இல்லை என்று அணைந்த போன்களைத் தூக்கிக் காட்டினார்கள்.

நான்கு மணி ஆனது. நான்கு ஐந்தும் ஆனது. பிறகு ஒரே ஒரு வரி வந்து விழுந்தது: போட்டுட்டான் அண்ணி, உள்ள கொண்டு போறாங்க.

தாவுஸ் புழுதியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஒராஸின் கையில் நோட்டு இருந்தது.

"தெருவே கேட்டுருச்சும்மா. உன் பேரை எழுதாம விட்டா என் பேரை எவனாவது எழுதிருவான்."

"எழுதுங்க," என்றாள் அவள். கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. "எழுதிட்டுப் போங்க பெரியப்பா. ஆனா ராத்திரி அவர் கண்ணு முழிச்சுப் பேசுற வரைக்கும் யாரும் அதைப் போடாம பாத்துக்கோங்க."