பதினோரு படி

என் தோளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். போன கோடையில் ஹாரோ ஆற்றில், தபால்பெட்டி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிற இடத்தில், என் ரப்பர் படகு கவிழ்ந்தது. இரண்டு பெரும்பாறைகள், நடுவே ஒரு சந்து. மொத்த ஆறும் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். நான் பாறையில் மோதினேன். வலது தோளில் இப்போது ஒரு தகடும் ஏழு ஸ்க்ரூவும் இருக்கின்றன. படகில் வந்தவர்களில் ஒருவருக்குக்கூட கீறல் இல்லை. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நெரிடாவுக்கு, அதாவது எனக்கு, பயம் பிடித்துவிட்டது என்பதுதான் டாஸ்மேனியா மேற்குக்கரை முழுக்கப் பேச்சு.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஆற்றில் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். படகின் பின்னால் உட்கார்ந்து திசை திருப்புவது யாரோ அவர்தான் தலைமை. அந்த இடம் என்னுடையது. இந்தக் கோடையில் முதலாளி கிளைவ் எனக்கு ஒரு பயணம் கொடுத்தான். கொடுத்த அழகைக் கேளுங்கள்.

"இந்த ஒரு தடவை பாக்கறேன் நெரிடா. நீ வழியில நின்னு யோசிச்சுக்கிட்டே இருந்தா, அப்புறம் கிடங்குல சாப்பாட்டு பீப்பாய் கட்டுற வேலைதான். அதுவும் நல்ல வேலைதான்."

"நல்ல வேலைன்னா நீயே பாரேன்," என்றேன்.

ஆக, இரண்டு படகு. ஒன்றில் நான், மற்றொன்றில் ப்ரோடி. ப்ரோடிக்கு இருபத்தெட்டு வயது, குதிரை போல உடம்பு, பல் துலக்கும்போதுகூட விசில் அடிப்பான். கெட்டவன் இல்லை. வந்தவர்கள் நான்கு பேர். அடிலெய்டில் பல் டாக்டராக இருக்கும் டெஸ்மண்டும் அவருடைய மருமகனும் ப்ரோடியின் படகில். பர்னியில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஐல்சா, ஜூட் என்ற இரண்டு பெண்கள் என் படகில். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதைச் சொன்ன நிமிஷத்தில் செய்வார்கள், அப்புறம்தான் ஏன் என்று கேட்பார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் தபால்பெட்டிக்கு மேலே உள்ள முகாமுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு நாளாக விடாத மழை. ஆறு கறுத்து, நுரைத்து, அகலமாகிக்கொண்டிருந்தது. முகாம் உயரத்தில் ஒரு பாறைத் தட்டு. அங்கிருந்து தண்ணீருக்கு இறங்க, பாறையே படிப்படியாக உடைந்த ஒரு வழி. சாப்பாடும் உடுப்பும் அடைத்த நீல பீப்பாய்களை அந்தப் படியில்தான் சுமந்து ஏற்ற வேண்டும். ப்ரோடி தோளுக்கு ஒன்றாக இரண்டு பீப்பாய் போட்டுக்கொண்டு மூன்று தாவில் மேலே போனான். நான் ஒற்றைப் பீப்பாயை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தேன். வலிக்கிறபோது எனக்கு எண்ணுகிற பழக்கம். பதினொன்று. நான்கு நடை, நான்கு தடவையும் பதினொன்று.

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" மேலே இருந்து ப்ரோடி கேட்டான்.

"உனக்கு வேணும்னா கூப்பிட்டுக்க," என்றேன்.

அந்தப் படியடியில், இரண்டு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே செருகினாற்போல, ஒரு ஹுவான் பைன் மரக்கட்டை செங்குத்தாக நிற்கும். அடி சரளைக்குள் புதைந்திருக்கும். முப்பது வருடமாக அது அசைந்ததில்லை. முகாமுக்கு வந்ததும் தலைமை ஆள் கத்தியை எடுத்து, தண்ணீர் தொடும் இடத்தில் அந்தக் கட்டையில் ஒரு வெட்டுப் போட வேண்டும். பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்து. விடிந்ததும் பார்க்க வேண்டும். வெட்டுக்கு மேலே தண்ணீர் ஒரு ஜாண் ஏறியிருந்தால் யாரும் தபால்பெட்டிக்குள் போகக் கூடாது. எத்தனை நாளானாலும் உட்கார்ந்து சீட்டாட வேண்டியதுதான். அதற்குக் கீழே என்றால் போகலாம். இந்த ஆற்றில் வேலை பார்த்த அத்தனை பேருடைய எழுத்தும் அந்தக் கட்டையில் இருந்தது. நானும் வெட்டினேன். பொழுது சாய்வதற்குள் நான்கு விரல் ஏறியிருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. ப்ரோடி எனக்கு முன்பே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அதே நாலு விரல்தான். ஏறுறது நின்னுடுச்சு. கிளம்பலாம்."

நானும் மேலே இருந்து எட்டிப் பார்த்தேன். நான்கு விரல்தான். என் வெட்டு, என் எழுத்து. மறுநாள் மத்தியானம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு எங்களை ஏற்றிப்போக நீர்விமானம் வரும். கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. படகுகளை இறக்கச் சொன்னேன். சொன்னது நான்தான்.

முதல் பீப்பாயோடு இறங்கினேன். வழக்கம்போல எண்ணினேன். எட்டாவது படியில் கால் நனைந்தது.

அப்படியே நின்றேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி மேலே ஏறி இறங்கினேன். எட்டுதான். மூன்று படியை ஆறு விழுங்கியிருந்தது. வெட்டு மட்டும் நான்கு விரல் என்கிறது.

"ப்ரோடி, நிறுத்து. யாரும் போகல," என்றேன்.

அவன் படகில் டெஸ்மண்டும் மருமகனும் ஏற்கெனவே ஏறி, ஹெல்மெட் மாட்டி, துடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்?"

"படி குறையுது. நேத்து பதினொண்ணு, இன்னிக்கு எட்டு."

ப்ரோடி சிரித்தான். "படிய யாரு எண்ணுவா? குறி உன்னோடது நெரிடா. நீயே வெட்டுனது. அதையும் நம்ப மாட்டியா?"

"இப்ப நம்பல."

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் இங்க உங்களுக்கு என்னாச்சுன்னு கேள்விப்பட்டோம். பயம் இருக்கறது இயல்புதான்."

உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர், உங்க நாற்காலியில நான் வாயத் தெறந்தா நீங்க பேசுங்க. இங்க நான் பேசறேன்."

ப்ரோடி குரலைத் தாழ்த்தினான். அவனுக்கே கூச்சமாக இருந்தது, அதையும் பார்த்தேன். "கிளைவ் சொல்லித்தான் அனுப்புனாரு. நீ தயங்குனா நான் தலைமை எடுத்துக்கணும்னு. கீழே முதல் மடுவுல காத்திருக்கேன். தெம்பு வந்ததும் வா."

கயிற்றை அவிழ்த்துத் தள்ளிவிட்டான்.

நான் பீப்பாயை வீசிவிட்டு அந்தக் கட்டையின் தலையில் காலை வைத்து அழுத்தினேன். கட்டை முங்கியது. காலை எடுத்தேன். எழுந்து வந்தது. போன குளிர்கால வெள்ளம் அடியில் இருந்த சரளையை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆறு ஏற ஏற, இரண்டு பாறைகளுக்கு நடுவே கட்டையும் மிதந்து ஏறியிருக்கிறது. என் வெட்டும் கூடவே ஏறி, காலையில் எங்கள் எல்லாரையும் பார்த்து நான்கு விரல் காட்டியிருக்கிறது. முப்பது வருடமாக அசையாதது இன்றைக்கும் அசையாது என்று நம்பினேன். ஒரு தடவை காலால் உதைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நானும் ஐல்சாவும் ஜூடும் பாறைத் தட்டின் முனைக்கு ஓடிப் பார்த்தோம். தபால்பெட்டியின் சந்து இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு பாறைகளுக்கும் மேலே தண்ணீர் முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் இருக்கும் மூன்றாவது பாறையில் ப்ரோடியின் படகு, காயப்போட்ட துணி போல மடிந்து ஒட்டியிருந்தது. மூன்று பேரும் அந்தப் பாறை உச்சியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அவர்கள் கணுக்காலில் இருந்தது. ஏறிக்கொண்டும் இருந்தது.

எங்கள் கரையில் செங்குத்து மலை. வழக்கமாகக் கீழே நடந்து போகும் பாதை தண்ணீருக்குள். மிச்சம் இருந்தது ஒரே வழி. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இதே போன்ற வெள்ளத்தில், எதிர்க்கரை டீ-ட்ரீ மரங்களுக்குள் ஆறு ஒரு கிளை பிரிந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். படகு போகும் அகலம். தபால்பெட்டியைச் சுற்றிக்கொண்டு அதற்குக் கீழே உள்ள மடுவில் போய்ச் சேரும். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். போனதில்லை. யாரும் போனதில்லை.

ஐல்சாவையும் ஜூடையும் பார்த்தேன். "ஒளிக்காம சொல்றேன். ஆத்தைக் குறுக்கே கடக்கணும். கடக்க முடியலன்னா நாமளும் அந்தப் பாறையிலதான். அப்புறம் மரத்துக்குள்ள போகணும். கிளையில மாட்டுனா சீப்புல சிக்குன முடிதான், எடுக்க முடியாது. வரலன்னாலும் சரி. தனியா எனக்கு வராது, ஆனா முயற்சி பண்ணுவேன்."

ஜூட் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். "திங்கக்கிழமை காலையில நாப்பது பிள்ளைங்களோட பர்னி ரவுண்டானாவுல போயிருக்கியா நீ? எங்க உக்காரணும்னு சொல்லு."

"நானும் இவளும் ஒரே பக்கமா?" என்றாள் ஐல்சா.

"பக்கத்துக்கு ஒருத்தி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

தோள் உடைந்த பிறகு நான் இடது கையால் திருப்பப் பழகியிருந்தேன். அதைப் பார்த்து ஆறு மாதமாகக் கிடங்கில் கேலி. அந்த இடது கை எதிர்க்கரைக்குப் போக எனக்குச் சரியாக வாய்த்தது. படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்து வைத்து, "இழு" என்றேன். இழுத்தார்கள். ஆறு எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. பாறை பக்கத்தில் வந்தது. ப்ரோடியின் முகம் தெரிந்தது. விசில் அடிக்கிற வாய் திறந்தபடி இருந்தது. "இழு, இழு, விடாத." வலது தோளுக்குள் ஏதோ பிசகிக் கண்ணில் பூச்சி பறந்தது. போடி, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று தோளிடம் சொன்னேன். மரக்கிளை முகத்தில் அறைந்தபோதுதான் கடந்துவிட்டோம் என்று தெரிந்தது.

உள்ளே ஒரே இருட்டும் இலையும். "குனி." குனிந்தார்கள். "வலது பின்னால தள்ளு." ஐல்சா தள்ளினாள். ஒரு மரம் படகைப் பிடித்துக்கொண்டது. ஜூட் அதைக் காலால் உதைத்து, கேட்கக் கூடாத ஒரு வார்த்தை சொன்னாள். படகு விடுபட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பயம் இருந்தது, கையும் வேலை செய்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று கிளைவுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வெளிச்சம் வந்தது. தபால்பெட்டிக்குக் கீழே உள்ள மடுவில் சுழன்று நின்றோம். படகை மரத்தில் கட்டிவிட்டு, மீட்புக் கயிற்றோடு கரையில் மேலே ஏறி, அவர்கள் நின்ற பாறைக்கு எதிரே வந்து வீசினேன். எட்டவில்லை. நனைந்த கயிற்றைச் சுருட்டி மறுபடி வீசினேன். மருமகன் பிடித்தான், குதித்தான். ஆறே அவனை வளைத்து எங்கள் பக்கம் கொண்டுவந்தது. அடுத்து டெஸ்மண்ட். அதற்குள் என் கை தூக்க வரவில்லை, ஜூட் வீசினாள். டெஸ்மண்ட் வாய் நிறையத் தண்ணீரோடு வந்து சேர்ந்தார்.

ப்ரோடி மட்டும் முழங்கால் ஆழத்தில் நின்று மடிந்த படகை இழுத்துக்கொண்டிருந்தான். விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். திரும்பினான். படகைக் காட்டி, கையை வீசி, விட்டுவிடு என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினான். மறுபடி ஊதினேன். இந்தத் தடவை விட்டான். கயிறு போனது, குதித்தான். கரையில் வந்து விழுந்து கொஞ்ச நேரம் இருமினான். பிறகு உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்துத் தட்டினான். நல்லா இருக்கேன் என்பதற்கு ஆற்றில் அதுதான் சைகை.

மேட்டில் ஏறி சாட்டிலைட் போனில் கிளைவைக் கூப்பிட்டேன்.

"குறிய வெட்டுனது நான். கட்டை மிதந்திருக்கு, நான் பாக்கல. தப்பு என்னோடது. ஒரு படகு போச்சு. ஆளுங்க எல்லாரும் இருக்காங்க."

கிளைவ் உடனே சொன்னான்: "ப்ரோடிகிட்ட போனைக் குடு. இனிமே அவன் கூட்டிட்டு வரட்டும்."

கொடுத்தேன். ப்ரோடி காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அவ நிறுத்தச் சொன்னா கிளைவ். படிய எண்ணிச் சொன்னா. நான் சிரிச்சேன்," என்றான். போனை என்னிடமே நீட்டினான்.

"கேட்டுச்சா? பின்னால நான்தான் உக்காரப்போறேன். அடுத்த மாசப் பயணமும் என்னோடது. பிடிக்கலன்னா கிடங்குல பீப்பாய் கட்டுற வேலை காலியாத்தான் இருக்கு, நீ பாத்துக்க." போனை அணைத்தேன்.

ஒரே படகில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். ப்ரோடி முன்னால் உட்கார்ந்து நான் சொன்னபோது இழுத்தான், சொன்னபோது நிறுத்தினான். மறுநாள் விமானத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த மாதம் ஆறு வடிந்திருந்தது. பயணத்துக்கு நான்தான் தலைமை, கூட வந்தது ப்ரோடி. முகாமுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்து அந்தக் கட்டையின் அடியில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவனும் தோள் கொடுத்தான். கட்டை பெயர்ந்து, முப்பது வருட எழுத்துகளோடு தபால்பெட்டி வழியாகப் போய்விட்டது. ஆற்றில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் இன்றுவரை அதற்காக என்னைத் திட்டுகிறார்கள். பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. திட்டட்டும். உளியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தேன். மேலிருந்து கீழே, ஒவ்வொரு படியிலும் எண்ணைச் செதுக்கினேன். இப்போது அங்கே பதினோரு எண்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்றுகூட இல்லை, என்னுடையதும் இல்லை.