ஆனை வெடி என்று சொன்னது நான்

1

இந்தக் கதை ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்தபோது பிறந்தது. நான் சொன்ன கதைகளில் எல்லாரும் நம்பிய ஒரே கதை அதுதான். ஒரு வரி: "ஆனை வெடி கையிலேயே வெடிச்சிட்டுது, டொக்டர்."

வெடித்தது யானை கலைக்கும் பட்டாசு அல்ல. என் நண்பன் கபிலனின் ரிவோல்வர்.

2

தொடக்கம், முதல் முயற்சி: இலுப்பைக்கடவை வயல்களின்மேல் பொன்வெயில் சாய...

(வெட்டிவிட்டேன். அது மொட்டை மத்தியானம். கபிலனின் கொட்டிலுக்குள் வியர்த்து ஊற்றியது.)

இரண்டாவது: கபிலன் நெல் ஆலை வைத்திருப்பவன். ஆலையில் களவு போன பிறகு ரிவோல்வருக்கு லைசன்ஸ் எடுத்தான். தோட்டாவோ வாங்கிக் கட்டாது. அதனால் சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளில் தானே வெடிமருந்து நிரப்பிச் சுட்டுப் பழகினான். அதற்கு அனுமதி இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இதுக்கு விலைதான் மச்சான் மலிவு. உதையும் சத்தமும் கள்ளனுக்கு வச்சிருக்கிற கடைத் தோட்டாவைப் போலவே இருக்கோணும். இல்லாட்டிப் பழகி என்ன பிரயோசனம்?"

நான் பக்கத்தில் கதிரை போட்டு என் புதுக்கதையை அவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் நிமிர்ந்து, "உந்தப் பொம்பிளை உப்பிடிக் கதைக்க மாட்டாள்" என்றான். பிறகு குனிந்து, மருந்து நிரப்பிய கோதிலேயே இன்னொரு தரம் நிரப்பினான். நான் பார்த்தேன்.

[பார்த்தேனா? இந்த வரியை நாலு தரம் வெட்டினேன். பார்த்தேன். ஆனால் அவனைத் தடுக்காமல், அந்தப் பொம்பிளையைப் பற்றி என்ன பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.]

பின்னேரம் அதைச் சுட்டபோது இரட்டை மருந்தில் ரிவோல்வர் சிதறியது. அவனுக்கு இரண்டு விரல்கள் போயின.

3

யானை கலைக்கும் வெடியை வயல்காரருக்கு வனவிலங்குத் திணைக்களக் கந்தோரே கொடுக்கிறது. எல்லார் வீட்டிலும் நாலு கிடக்கும். யாரும் சந்தேகப்படாத பொய். எழுத்தாளன் மூளை என்றால் சும்மாவா!*

*அடிக்குறிப்பு: வெடியில் பழுதோ என்ற விசாரணை முடியும்வரை என்று சொல்லி, ஊருக்கு வெடி கொடுப்பதைக் கந்தோர் நிறுத்தியது.

அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன். கதையே அதுதான். நெல் முற்றிய நேரம், எங்கள் ஊர் வயல்காரர் தம்பு அண்ணை வெடி இல்லாமல் தகரத்தைத் தட்டி யானை கலைக்கப் போனார். விடிந்து பார்த்தபோது...

(இந்த வசனத்தை அழகாக்க எனக்கு அருகதை இல்லை. யானை அடித்துச் செத்தார்.)

4

முடிவு ஒன்று: பொலிசில் உண்மையைச் சொல்கிறேன். ஊருக்கு வெடி வருகிறது, கபிலன் மறியலுக்குக் கம்பி எண்ணப் போகிறான்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இதுவரை நடப்பது இதுதான். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது, இப்போது என் முன்னால் கதிரையில் இருக்கிறது. தம்பு அண்ணையின் மனைவி இராசேஸ்வரி அக்கா.

"தம்பி, நீங்கள் நல்லா எழுதுவியள் எண்டு சொன்னவை. வெடியைத் திரும்பக் குடுக்கச் சொல்லிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. நெல்லு வெட்டுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. இப்ப மகள் டிலக்சனாதான் காவலுக்குப் போறாள்."

ஓம் என்றேன். பேனையை எடுத்தேன். கடிதம் எழுதுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, நான் எழுதியது இந்தக் கதையை. பேனை ஓடுவதைப் பார்த்து அவர் முகம் தெளிகிறது.

"இவ்வளவு எழுதிப்போட்டியளே! வாசிச்சுக் காட்டுங்கோ தம்பி."

தாள் என் கையில் இருக்கிறது. முதல் வரியிலிருந்து வாசிக்கலாம். அல்லது 'மதிப்புக்குரிய ஐயா' என்று இல்லாத ஒரு கடிதத்தை வாயால் புனையலாம். அது எனக்குக் கைவந்த வேலை.

நீங்கள் என்றால் எதை வாசிப்பீர்கள்? கெதியாகச் சொல்லுங்கள். பொழுது சாய்கிறது, டிலக்சனா வயலுக்குப் போகும் நேரம்.