இரண்டு சாவிகள் வெளியே

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். கேட்டிருந்தால் தந்திருப்பாள், கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன் வெளியூரில் ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவர் திரும்பவேயில்லை. கிளம்பும்போது, "பூட்டிக்கிட்டுப் படு, என்கிட்ட சாவி இருக்கு" என்றார். அன்றிலிருந்து வாசல் பூட்டை அக்கா மாற்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பு அவள் உள்ளங்கையில்..."

அடித்துவிட்டேன். கதைகளில் எல்லாத் துப்பாக்கியும் குளிர்ந்துதான் கிடக்கிறது. அக்காவுடையது அவள் வியர்வையில் வழுக்கியது.

போன வருஷம் ஒரு மத்தியானம், பின்பக்க ஜன்னல் வழியே ஒருவன் உள்ளே புகுந்தான். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள்.

"காலடிச் சத்தம் கேட்டதும் அவர்தான் வந்துட்டார்னு நினைச்சேன்டி. ஈரத் தலையோட, சிரிச்சுக்கிட்டே குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்துட்டேன். கதவு இடுக்குல அவன் கையில கத்தி தெரிஞ்சுது."

அவன் இவளைப் பார்க்கவில்லை. கிடைத்ததைச் சுருட்டியவன், ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியையும் கொண்டுபோய்விட்டான். ஆக, அந்தக் கதவுக்கு இப்போது வெளியே இரண்டு சாவிகள்.

"பூட்டை மாத்தித் தொலையேன்க்கா!" என்று கத்தினேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டாள். துப்பாக்கிப் பயிற்சிக்குப் பணம் கட்டினாள். பூட்டு அப்படியே இருந்தது.

[இவ்வளவு பிடிவாதமான பாத்திரத்தை வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால் அக்கா வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.]

3

பயிற்சி தருபவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரம்மா. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அக்காவும் நானும் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்வார். மூச்சு வாங்க நிற்பவள் காதருகே சைரனை அலறவிட்டு, கதவைத் திறப்பார். பின்னால் காகித மனிதன் நிற்பான். கையில் கத்தி இருக்கலாம், ஃபோன் இருக்கலாம். கத்தியென்றால் மட்டும் சுட வேண்டும்.

"மூச்சை நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு. மூஞ்சியைப் பாக்காதம்மா, கையைப் பாரு. வெட்டுறது கைதான்."

அக்கா மூஞ்சியைத்தான் பார்த்தாள். ஆறு வருஷமாகப் பேருந்திலும் கடை வாசலிலும் முகங்களைத் தேடிப் பழகிய கண்.

"செத்துட்டம்மா" என்பார் விசில், ஏதோ டீ ஆறிவிட்டது போல. "மறுபடி செத்துட்ட."

வீட்டில் செய்யவும் ஒரு பாடம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சாவி திரும்புவதிலிருந்து எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கதவு திறந்ததும், 'கையைக் காட்டு!' என்று அதட்ட வேண்டும்.

"எத்தனை தடவை ஓட்டினாலும் அவர்தான்டி வர்றார்" என்றாள் அக்கா. "திருடன் வரவே மாட்டேங்குறான்."

கடைசித் தேர்வில் கத்தி வைத்திருந்தவனைச் சரியாகச் சுட்டாள். அடுத்த கதவுக்குப் பின்னால் இருந்தவன் கையில் சாவிக்கொத்து. துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"வந்துட்டீங்களா?" என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

விசில் சைரனை அணைத்தார். "சுடல. சரிதாம்மா. பாஸ்."

[இதை நான் கற்பனை செய்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.]

4

முடிவுகள்.

சாவி திரும்புகிறது, அத்தான். தலை நரைத்திருக்கிறது. அவர் சொன்னார்: "..." இங்கேயே நின்றுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு என்ன சொல்ல முடியும் அந்த மனுஷனால்?

சாவி திரும்புகிறது, அவன். அக்கா சுடுகிறாள். எழுதிவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது சுலபம். 'அக்கா பூட்டை மாற்றினாள்.' ஒரே வரி. அவளிடம் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை.

"கதையிலயாவது அதை விட்டு வைடி" என்றாள். "அவர் வந்து சாவியைப் போட்டுப் பாத்துட்டு, சேரலையேன்னு திரும்பிப் போயிட்டா?"

அடித்துவிட்டேன். பூட்டு பழையதுதான்.

இப்போது சாவி திரும்புகிறது. அக்கா நாலு எண்ணி மூச்சை இழுக்கிறாள். "கையைக் காட்டு!" என்கிறாள். கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.