மூன்றாம் கொட்டகையின் தீவனம்

மலேசியாவில் கெமாஸ் ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களை அழித்துவிட்டுக் கட்டிய முட்டைக்கோழிப் பண்ணையில் பதினொரு வருடமாகத் தீவனம் கலப்பவள் மயிலம்மாள். புருஷன் இறந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு பண்ணையே கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். சுகுமாறன் போன வருடம்தான் பண்ணையை வாங்கினான். அவளைவிடப் பத்து வயது இளையவன்.

முதல் கொட்டகையில் கிழட்டுக் கோழிகள். முட்டை பெரிது பெரிதாக வந்து, தட்டில் அடுக்கும்போதே ஓடு விரிசல் விட்டது. தீவனத்தில் சோயாவைக் குறைத்துப் புரதத்தைப் பதினைந்து விழுக்காட்டுக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று சொன்னவளே மயிலம்மாள்தான். இறக்கியதும் முட்டை அளவுக்கு வந்தது. அதோடு சுகுமாறனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே எல்லா கொட்டகைக்கும் சோயாவ குறை. பதினாலு போதும்லா."

"முதலாளி, ரெண்டும் மூணும் இப்பதான் முட்டை போட ஆரம்பிச்ச இளசுங்க. உடம்பும் வளரணும், முட்டையும் போடணும். பதினேழுக்குக் கீழ போனா தாங்காது."

"நீ கலக்க வந்தியா, கிளாஸ் எடுக்க வந்தியா?"

மூன்றாம் கொட்டகைக்கு அவன் சொன்னபடியே கலந்தாள். அங்கே அவன் தினமும் வந்து நிற்பான். அவன் எட்டிப் பார்க்காத இரண்டாம் கொட்டகைக்கு மட்டும் பழையபடி பதினேழு.

மூன்றாவது வாரம் மூன்றாம் கொட்டகைக் கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கின. முதுகுத் தோல் சிவந்தது. ரத்தத்தைக் கண்டதும் கூண்டு மொத்தமும் அதே இடத்தில் கொத்தியது. முட்டையிட முக்கிக்கொண்டிருந்த கோழி ஒன்றின் குடலைப் பின்பக்கமாகவே உருவிப் போட்டிருந்தன. அதற்கு இன்னும் உயிர் இருந்தது.

"மூக்க வெட்டு," என்றான் சுகுமாறன்.

"பெரிய கோழிக்கு வெட்டினா தீனி எடுக்காது முதலாளி."

"வெட்டுன்னா வெட்டு."

பழுக்கக் காய்ச்சிய தகட்டில் ஒவ்வொரு அலகாக வைத்து அழுத்தினாள். கருகிய நாற்றம் சோற்றிலும் வந்தது. வலியில் கோழிகள் தீனியைத் தொடவில்லை. முட்டை பாதியானது.

தீவனக் கம்பெனியிலிருந்து சத்தியசீலன் என்ற கால்நடை மருத்துவர் வந்தார். இரண்டாம் கொட்டகையைப் பார்த்தவர், "இங்க மட்டும் எப்படி இவ்ளோ நல்லா இருக்கு?" என்று கேட்டார்.

சுகுமாறன் தொட்டியிலிருந்த தீவனத்தை அள்ளிப் பார்த்தான். பிறகு, "டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் டாக்டர். இதுக்கு மட்டும் கூடக் குடுத்தேன்," என்றான்.

மயிலம்மாளுக்கு வாய் அடங்கவில்லை. "அவரு இல்ல சார். பதினாலு போதும்னாரு. நாந்தான் அவருக்குத் தெரியாம பதினேழு கலந்தேன்."

மருத்துவர் சிரித்துவிட்டார். சுகுமாறனும் கூடவே சிரித்தான்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். அடுப்பு, துணிமணி, புருஷன் படம் எல்லாம் உள்ளே.

"மூணாவது கொட்டகைய காலி பண்றேன். கறிக்கு வித்தாச்சு, லாரி வந்திருக்கு. எல்லாத்தையும் நீயே பிடிச்சு ஏத்து. ஏத்தி முடிச்சா சாவி. அப்புறம் மக வீட்டுக்குப் போயிரு."

"ரெண்டாயிரம் கோழி முதலாளி. ஆளுங்களயும் விடுங்க."

"ரெண்டாவதுக்கு ஒத்த ஆளா கலந்தியே? பிடி."

நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டான். மற்ற ஆட்கள் முட்டை பொறுக்குவதுபோல் தள்ளி நின்றார்கள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

முதலில் இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்கினாள். வெயில் ஏறியதும் காலைப் பிடித்து நான்கு நான்காக இழுத்தாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. முதல் சில தடவை நின்று பார்த்தாள், பிறகு நிற்கவில்லை. மதியத்துக்கு மேல் முதுகில் தோலே இல்லாத கோழி ஒன்று, வெட்டிய அலகால் அவள் மணிக்கட்டைக் குத்தியது. மயிலம்மாள் அதை ஓங்கிக் கூண்டுக் கம்பியில் அடித்தாள். கழுத்து தொங்கிற்று. அடங்கிய பிறகும் இன்னொரு முறை அடித்தாள்.

"இப்பதான்லா வேலை ஓடுது," என்று சிரித்தான் சுகுமாறன்.

அவள் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கூண்டுக்குள் கையை விட்டாள்.