இடும்பன் பூஜை போடாத வீடு

பத்துமலைக்குக் காவடி எடுத்தவர்கள், வீடு திரும்பியதும் இடும்பனுக்குக் கோழியும் சாராயமும் படைத்து விரதத்தை முடிப்பார்கள். உலு யாம் ஊரில் திலகத்தின் வீட்டிலும் அதுதான் வழக்கம். அவள் கணவன் புவனேசனுக்கு அந்தப் படையல் போத்தல்தான் ஒவ்வொரு வருடமும் குடிக்குப் பிள்ளையார் சுழி. அன்றைக்குத் தொட்டால், அடுத்த தைப்பூசத்துக்கு மாலை போடும்வரை மனிதன் தெளியமாட்டான். லோரி வேலை போனதும் அதில்தான், திலகத்தின் முன்பல் போனதும் அதில்தான்.

இந்த வருடம் பூஜை போடவில்லை. "நான் பங்குனி உத்திரம் வரைக்கும் விரதம் இருக்கப் போறேன்ப்பா" என்றாள் மகள் நித்தியா. ரவாங்கில் ஃபேக்டரி வேலை செய்யும் பிள்ளை. "பொம்பளப் பிள்ளயே விரதம் இருக்கா, எனக்கென்ன கேடு?" என்று புவனேசனும் மாலையைக் கழற்றவில்லை.

திலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமானால் புருஷன் வீட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறான்! கல்யாணமான நாளாய் அவள் பார்க்காத அதிசயம். இது இப்படியே நீளட்டும் முருகா என்று தினமும் விளக்கேற்றினாள்.

மகள் ஒருவேளைச் சோற்றை அரைவேளையாக்கினாள், பிறகு பாலாக்கினாள், பிறகு அதுவும் வேண்டாம் என்றாள். கோயிலில் பார்த்தவர்களெல்லாம் முகத்தில் சாமிக் களை வந்துவிட்டது என்று மெச்சினார்கள். ஊர் வாய்க்கு என்ன, மெச்சிவிட்டுப் போய் மூக்குமுட்டச் சாப்பிடும். பக்கத்து வீட்டு வேதக்கார அன்னம்மா ஒருத்திதான் வேலியோரம் நின்று உள்ளதைச் சொன்னாள். "களையா அது? பிள்ளைக்கு ரத்தமே இல்லலா. நாங்களும் தவக்காலம் இருக்கோம், இப்படியா?" பொறாமைக்காரி கண் போடுகிறாள் என்று திலகம் அன்றைக்கே மகளுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபேக்டரி வேன் வாசலில் வந்து நின்றது. வேலை செய்த இடத்திலேயே நித்தியா மயங்கி விழுந்துவிட்டாளாம். "விரத மயக்கம்தான், கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்" என்றான் புவனேசன். உடை மாற்றிவிட்ட திலகத்தின் கையில் மகளின் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தட்டியது. சாமிக்குப் படைத்த பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தாள். நித்தியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இது பிரசாதம்டி. இதச் சாப்பிட்டா விரதம் முறியாது."

"வேணாம்மா."

"முருகனா உன்னச் சாப்பிடாதன்னு சொன்னான்?"

நித்தியா வாய்விட்டு அழுதாள். "விரதமெல்லாம் இல்லம்மா. எனக்குச் சாப்பாட்டப் பார்த்தாலே பயம். ஒரு வாய் போனாலும் உடம்பு ஊதிருச்சோன்னு இருக்கு. விரதம் முடிஞ்சா எல்லாரும் சாப்பிடச் சொல்லுவீங்க. அதான் முடிக்கல."

திலகம் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாவி, பாவி! புருஷன் குடிக்காமல் இருக்கிற சுகத்தில் பெற்ற பிள்ளை உருகுவதைப் பார்க்காமல் போனாளே!

கூடத்துக்கு வந்தாள். "நாளைக்கு இடும்பன் பூஜை போடுறோம். அதோட எல்லா விரதமும் முடிஞ்சுது. திங்கக்கிழமை இவள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

புவனேசன் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டான். "பூஜை போட்டா மாலைய கழட்டணும். கழட்டினா நான் என்னாவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். குடிகாரனோட குடும்பம் நடத்திப் பழகிட்டேன். பிள்ள படத்துக்கு மாலை போட என்னால முடியாது."

மறுநாள் கோழியும் சோறும் படைத்தார்கள். போத்தலை அவன் வாங்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிச் சாமி மேடையில் வைத்தான். நித்தியா இரண்டு வாய்ச் சோற்றை அழுதுகொண்டே விழுங்கினாள். ஞாயிறு முழுக்க அவன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. சாராயக்கடைப் பக்கம்தான் போகிறான் என்று திலகம் நினைத்தாள். ஆனாலும் கூப்பிடவில்லை. மகளைக் கைத்தாங்கலாக டாக்சியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

நம்பர் எடுக்கும் இடத்தில் புவனேசன் நின்றுகொண்டிருந்தான். இரவெல்லாம் தூங்காத கண்கள், ஆனால் சாராய வாடை இல்லை. மகளிடம் ஒரு நம்பர் சீட்டை நீட்டினான். அவன் கையில் இன்னொன்று இருந்தது.

"இது யாருக்குங்க?" என்றாள் திலகம்.

"எனக்குத்தான்லா" என்றான் அவன். "எனக்கும் பயமா இருக்கு."